குப்பையை மூடிய கதை: ஃபிரெஸ்னோ முதல் பெருங்குடி வரை

இந்த எபிசோட் ஒரு வாயுவோட வரலாறு. பெயர் மீத்தேன். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. குப்பைக் கிடங்கு இருக்கிற ரோட்டைத் தாண்டும்போது பஸ் ஜன்னலை இழுத்து மூடுகிறோமே, அந்த நாற்றம் இதனுடையது இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வேறு சில வாயுக்கள் பார்க்கிற வேலை அது. மீத்தேன் சத்தமே இல்லாமல் மேலே போய்விடும். நாற்றம் அடித்திருந்தால் ஒருவேளை இதைப் பற்றி இன்னும் சீக்கிரமாகவே சண்டை போட்டிருப்போம்.

எவ்வளவு பெரிய விஷயம் இது? 2021-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட உலக மீத்தேன் மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் சுமார் 20 சதவீதம் திடக்கழிவிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வருகிறது. மீத்தேன் காற்றில் ரொம்ப நாள் தங்காது, சுமார் 12 வருஷம். ஆனால் இருக்கிற வரைக்கும் ஆட்டம் ஜாஸ்தி. 20 வருஷக் கணக்கில் பார்த்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 100 வருஷக் கணக்கில் பார்த்தாலும் 27 மடங்குக்குக் குறையாது.

சரி, குப்பை புதுசா என்ன? மனுஷன் ஊர் கட்டின நாளிலிருந்து குப்பை இருக்கு. அப்படியென்றால் நகரத்துக் குப்பை எப்போதிலிருந்து இவ்வளவு மீத்தேனைக் கக்க ஆரம்பித்தது? இந்த எபிசோடில் நான் சொல்லப் போகும் பதில் இதுதான்: குப்பையை நாம் சுத்தமாக மூட ஆரம்பித்தபோது.

முதலில் வாயு எப்படிப் பிறக்குதுன்னு பார்த்துடலாம். 1776 நவம்பர். இத்தாலியின் வடக்கே மஜ்ஜோரே ஏரி. கரையோரம் நாணல் வளர்ந்த சேற்றுப் பகுதியில் ஒருவர் குச்சியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். மேலே வந்த குமிழிகளை ஒரு பாட்டிலில் பிடித்தார். நெருப்புக் காட்டினார். நீலச் சுடரோடு எரிந்தது. அவர் பெயர் அலெசாந்த்ரோ வோல்டா. பின்னாடி மின்கலத்தைக் கண்டுபிடித்து, இன்றைக்கு நம்ம சார்ஜர் மேல 'வோல்ட்' என்று பெயர் பதித்திருப்பவரும் அவர்தான்.

அந்தச் சேற்றில் நடந்தது சிக்கலான விஷயம் இல்லை. அழுகிய இலை தழை, மேலே தண்ணீர், காற்று உள்ளே போக வழி இல்லை. இட்லி மாவு பொங்குவதும் நுண்ணுயிர் வேலைதான், ஆனால் அங்கே வருவது கார்பன் டை ஆக்சைடு. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு ஜாதி. அவற்றுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. காற்று படும் இடத்தில் காய்கறித் தோல் மக்கினால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் எருவும்தான் மிச்சம். அதே தோலைக் காற்றில்லாமல் அமுக்கி வைத்தால் வெளியே வரும் வாயுவில் பாதிக்குப் பாதி மீத்தேன். அதனால இந்தக் கதை முழுக்க ஒரு கேள்வியைக் கையில வச்சுக்கோங்க: உள்ளே காற்று போச்சா, போகலையா?

நம்ம ஊர்ப்பக்கம் 'குப்பை' என்ற சொல்லையே கவனியுங்க. கிராமத்தில் 'வயலுக்குக் குப்பை அடிக்கணும்' என்றால் எரு கொண்டுபோய்ப் போடணும் என்று அர்த்தம். சாணம், சாம்பல், வாழை இலை, சமையல் கழிவு எல்லாம் குப்பைக்குழிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் போகும். நகரங்களும் ரொம்ப நாள் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கல்கத்தா தன் குப்பையைக் கிழக்கே தாப்பா என்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியது. அந்தக் குப்பை நிலத்திலேயே காய்கறி விளைவித்து நகரத்துக்கே திருப்பி விற்றார்கள். லண்டனில் வீட்டுக் குப்பை என்றாலே பெரும்பகுதி நிலக்கரிச் சாம்பல். அதைச் சலித்துச் செங்கல் சூளைக்கு விற்கத் தனி வியாபாரமே இருந்தது. சாம்பல் அழுகாது, அதனால் மீத்தேனும் இல்லை.

இதையெல்லாம் பொற்காலம்னு சொல்ல வரல. ஈ, எலி, காலரா, பிளேக் எல்லாம் அந்தக் காலத்துச் சொத்துதான். 1890களில் பிளேக் பம்பாயை ஒரு உலுக்கு உலுக்கியது. குப்பையை மக்கள் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தூரமாகக் கொண்டுபோகணும் என்ற அவசரம் உயிர்ப் பயத்திலிருந்து வந்தது. அதைக் கிண்டல் பண்ண நமக்கு உரிமை கிடையாது.

இந்தியாவில் இதற்கு ஒரு சுவாரஸ்யமான விடை கிடைத்தது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924-லிருந்து 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி செய்தார். பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, குறிப்பிட்ட நாளுக்கொரு தடவை புரட்டிப் போட்டு எருவாக்கும் முறையை எழுதி வைத்தார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்கிறது. இந்திய விவசாயிகள் செய்துகொண்டிருந்ததிலிருந்தும் சீன விவசாய முறைகளிலிருந்தும் அவர் கற்றுக்கொண்டது நிறைய. புரட்டுவது எதுக்கு? காத்துக்குத்தான். பிறகு 1939-ல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா நகரக் குப்பையையும் மலக்கழிவையும் சேர்த்துப் பள்ளத்தில் போட்டு மண்ணால் மூடும் முறையை உருவாக்கினார். புரட்ட ஆள் வேண்டாம், நாற்றம் இல்லை, ஈ மொய்க்காது. நகராட்சிகளுக்கு ரொம்ப வசதி. ஆனா நம்ம கேள்வியைக் கேளுங்க. காற்று? அந்தப் பள்ளத்தில் ஆரம்பத்தில் கொஞ்சம் இருக்கும், அப்புறம் இல்லை.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் நகராட்சிக் குப்பை கொட்டுமிடத்தை இன்னமும் 'உரக்கிடங்கு', 'கம்போஸ்ட் யார்டு' என்கிறார்கள். பல ஊர்களில் அங்கே உரம் எடுப்பதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த உரத்தை எந்த விவசாயி வாங்குவார்? பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இப்போ கதை கலிபோர்னியாவுக்குப் போகுது. ஃபிரெஸ்னோ, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு நடுத்தர நகரம். 1930களில் அங்கே பொதுப்பணித் துறை ஆணையராக இருந்தவர் ஜீன் வின்சென்ஸ் என்ற பொறியாளர். அப்போது அமெரிக்க நகரங்கள் குப்பையை ஊருக்கு வெளியே திறந்த வெளியில் கொட்டி எரித்தன, சில இடங்களில் பன்றிகளுக்குப் போட்டன. வின்சென்ஸ் செய்தது: நீளமான பள்ளம் தோண்டு. குப்பையைப் போட்டு நன்றாக அமுக்கு. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மண் போட்டு மூடு. மறுநாள் அடுத்த பகுதி. இங்கிலாந்தில் ஏற்கெனவே இதுபோல மூடும் பழக்கம் இருந்தது. வின்சென்ஸ் அதில் அமுக்குவதையும் தினமும் மூடுவதையும் ஒரு கட்டாய ஒழுங்காக்கினார். 1937-ல் திறக்கப்பட்ட அந்த இடம்தான் அமெரிக்காவின் முதல் நவீன 'சானிட்டரி லேண்ட்ஃபில்' என்று கருதப்படுகிறது.

வேலை செய்ததா? பிரமாதமாக. எலி குறைந்தது, புகை இல்லை, நாற்றம் இல்லை. செலவும் எரிஉலையைவிடக் கம்மி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ முகாம்கள் இதைக் கையாண்டன. போருக்குப் பிறகு நகரங்கள் வரிசையாக எடுத்துக்கொண்டன. ஒரு பொறியியல் தீர்வு என்று பார்த்தால் 20-ஆம் நூற்றாண்டின் வெற்றிக் கதைகளில் ஒன்று.

ஆனால் வின்சென்ஸ் தன்னை அறியாமல் வோல்டாவின் ஏரிச் சேற்றைத் தரையில் கட்டிவிட்டார். ஈரமான உணவுக் கழிவு, நல்ல அமுக்கம், மேலே மண். காற்றில்லை. நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல வீடு அமையாது.

ஃபிரெஸ்னோவின் பின்கதையையும் சொல்லிடறேன். 1987-ல் அந்த இடம் மூடப்பட்டது. மீத்தேனும் வேறு சில வேதிப்பொருள்களும் எல்லை தாண்டிக் கசிந்ததால், 1989-ல் அரசு அதை 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில், அதாவது நாட்டின் மிக மோசமான மாசு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2001 ஆகஸ்டில் அதே இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்! பட்டியல் விஷயம் யாரோ ஞாபகப்படுத்தினதும் கையோடு அறிவிப்பைத் தற்காலிகமாக வாபஸ் வாங்கி ஒரே கலாட்டா. என்னைக் கேட்டால் இரண்டு பட்டியலிலும் அதுக்கு இடம் உண்டு.

மூடின குப்பை வெடிக்கும் என்று உலகம் கற்றுக்கொண்டது ஒரே நாளில் இல்லை. 1969-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் வின்ஸ்டன்-சேலத்தில், லேண்ட்ஃபில்லுக்குப் பக்கத்தில் இருந்த தேசியக் காவல் படைக் கட்டடம் ஒன்றில் வாயு புகுந்து வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 1993-ல் இஸ்தான்புல்லின் உம்ரானியே பகுதியில் குப்பைமேடு வெடித்துச் சரிந்து கீழே இருந்த குடிசைகளைப் புதைத்தது. 39 பேர் போனார்கள். ஆனால் இந்த வாயுவைப் புரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் போவது ஒரு சின்ன ஊருக்கு. அங்கே யாரும் சாகவில்லை.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் லாஸ்கோ என்ற கிராமம். செங்கல்லுக்குக் களிமண் எடுத்த பழைய குவாரி ஒன்று அங்கே இருந்தது. 1970களின் ஆரம்பத்திலிருந்து 1982 வரை அதில் வீட்டுக் குப்பையைப் போட்டு நிரப்பினார்கள். பிறகு மூடிவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் வீடுகள். தோட்டத்தில் செடி வாடுவது, மண் தொட்டால் சூடாக இருப்பது என்று சின்னச் சின்ன அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 1986 மார்ச் 24, விடிகாலை சுமார் 6.30 மணி. குவாரியிலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி இருந்த ஒரு ஒற்றை மாடி வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூன்று பேரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அது அதிசயம்தான்.

அன்றைக்கு மட்டும் ஏன்? வானிலைப் பதிவைப் பார்த்தார்கள். முந்தைய சுமார் ஏழு மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் சரிந்திருந்தது. நம்ம ஊரில் புயல் கிட்ட வரும்போது ரேடியோவில் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு சரிவு. மண்ணுக்குள் சிக்கியிருக்கும் வாயுவுக்கு மேலே இருக்கும் காற்றுதான் மூடி. அந்த மூடியின் கனம் குறைந்தால் உள்ளே இருப்பது பொங்கி வெளியே வரும். சோடா பாட்டில் மூடியைத் திறக்கிற மாதிரி. மேல்பரப்பு களிமண்ணால் இறுகியிருந்தால் நேராக மேலே வர முடியாது. பாறை விரிசல் வழியே பக்கவாட்டில் போகும். போன வழியில் ஒரு வீட்டின் தரைத்தளம் இருந்தது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. டார்பிஷயர் நிலக்கரி பூமி. சுரங்க வாயுவும் மீத்தேன்தான். அப்போ இது குப்பையா, நிலக்கரியா? இதைக் கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. நிலக்கரி கோடிக்கணக்கான வருஷம் பழசு. அதில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மிச்சமே இருக்காது. போன வருஷத்து உருளைக்கிழங்குத் தோலிலிருந்து வந்த மீத்தேனில் அது இருக்கும். கீழடியில் கிடைத்த கரியின் வயதைச் சொன்னார்களே, அதே அடிப்படைதான். லாஸ்கோ விசாரணை கடைசியில் குப்பைக் கிடங்கைத்தான் கைகாட்டியது. அதற்குப் பிறகு பிரிட்டனில் லேண்ட்ஃபில் வாயுவைக் கண்காணிப்பதற்கான விதிமுறைகள் இறுகின.

வெடிப்புகள் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, இன்னொரு கூட்டம் இந்த வாயுவில் காசு பார்த்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் விலை எகிறியது. 1975-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலோஸ் வெர்டெஸ் லேண்ட்ஃபில்லில் குழாய் இறக்கி, வாயுவை உறிஞ்சிச் சுத்தப்படுத்தி விற்க ஆரம்பித்தார்கள். உலகில் இந்த வகையில் முதல் முயற்சி. யோசனை ஒன்றும் புதுசு இல்லை. 1897-லேயே பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் மலக்கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள்! ஆனால் கவனியுங்க, 1975-ல் இதைச் செய்தவர்கள் யாரும் பூமி சூடாவதைத் தடுக்கக் கிளம்பவில்லை. முதலில் பயம், அப்புறம் எரிபொருள். பருவநிலை என்ற மூன்றாவது காரணம் பின்னாடி வந்தது.

அது வந்தது இப்படி. 1976-ல் விஞ்ஞானிகள் சிலர் மீத்தேனும் ஒரு பசுங்குடில் வாயு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1980களின் ஆரம்பத்தில் காற்றில் அதன் அளவு வருஷா வருஷம் ஏறுகிறது என்பது உறுதியானது. எங்கிருந்து வருகிறது என்ற தேடல் தொடங்கியது. நெல் வயல், மாடு, சதுப்பு நிலம், எரிவாயுக் கசிவு. குப்பையை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1987-ல் பிங்கமர், பால் குருட்சென் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குருட்சென் ஓசோன் ஆராய்ச்சிக்காகப் பின்னர் 1995-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவர்கள் எந்தக் கிடங்கிலும் போய்க் குழி தோண்டவில்லை. உலகில் ஆண்டுக்கு எவ்வளவு குப்பை, அதில் அழுகக்கூடிய கார்பன் எவ்வளவு, அதில் எத்தனை பங்கு வாயுவாகும் என்று பேப்பரில் கணக்குப் போட்டார்கள். விடை: வருஷத்துக்கு 3 முதல் 7 கோடி டன் மீத்தேன். அந்தக் கணக்கின் எலும்புக்கூடுதான் பிறகு ஐபிசிசி, அதாவது ஐ.நா.வின் பருவநிலைக் குழு, நாடுகளுக்குக் கொடுத்த முதல் சூத்திரத்துக்கு அடிப்படை.

ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கு. எனக்கு இந்த முழு வரலாறும் அந்த அட்டவணைக்குள்ள சுருண்டு படுத்திருக்கிற மாதிரி தோணும். கிடங்கு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து மீத்தேன் கணக்கை எதால் பெருக்கணும் என்று அது சொல்கிறது. ஒழுங்காக அமுக்கி மூடிய லேண்ட்ஃபில் என்றால் 1. ஒழுங்கில்லாமல் கொட்டிய, ஆனால் 5 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள மேடு என்றால் 0.8. 5 மீட்டருக்குக் குறைவான, சும்மா பரப்பிக் கொட்டிய குப்பை என்றால் 0.4. அதாவது, வாயுவைப் பிடிக்க ஏற்பாடு செய்யாவிட்டால், கேவலமாகக் கிடக்கும் மேலோட்டமான குப்பையைவிடச் சுத்தமாகப் புதைத்த குப்பை இரண்டரை மடங்கு மீத்தேன் தரும். அதனால திறந்த குப்பைமேடு நல்லதுன்னு ஆகிடாது. அதன் புகையும் அது கசியும் நீரும் பக்கத்துத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வின்சென்ஸ் தீர்த்த பிரச்சினையிலிருந்து எந்தப் பிரச்சினை பிறந்தது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதற்கு உலகம் இரண்டு விதமாகப் பதில் சொன்னது. ஒன்று, மேட்டில் குழாய் போட்டு வாயுவைப் பிடி, எரி, முடிந்தால் மின்சாரம் எடு. அமெரிக்கா 1996-ல் பெரிய லேண்ட்ஃபில்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. கியோட்டோ ஒப்பந்தத்தின்கீழ் பதிவான உலகின் முதல் கார்பன் கிரெடிட் திட்டமே 2004-ல் பிரேசிலில் ஒரு லேண்ட்ஃபில் வாயுத் திட்டம்தான். இரண்டாவது பதில், அழுகும் பொருளை மேட்டுக்கே அனுப்பாதே. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் லேண்ட்ஃபில்லுக்குப் போகும் மக்கும் கழிவை 1995-ல் இருந்த அளவில் 35 சதவீதமாகப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. தென்கொரியா 2005-ல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பதையே தடை செய்தது. அங்கே உணவுக் கழிவு எவ்வளவு போடுகிறீர்களோ அவ்வளவு காசு கட்டணும்.

நம்ம ஊருக்கு இதில் எது பொருந்தும்? இங்கேதான் அதே ஐபிசிசி வழிகாட்டியில் இன்னொரு எண் முக்கியம். உணவுக் கழிவு பாதி அழுகி முடிக்க எவ்வளவு நாள்? இங்கிலாந்து மாதிரி ஈரமான குளிர் ஊரில் ஏறத்தாழ நாலு வருஷம். வறண்ட குளிர் பிரதேசத்தில் 11 வருஷத்துக்கும் மேல். சென்னை மாதிரி வெயிலும் மழையும் சேர்ந்த ஊரில்? இரண்டு வருஷம்கூட இல்லை. ஒரு லேண்ட்ஃபில்லின் ஒரு பகுதியை நிரப்பி, மூடி, டெண்டர் விட்டு, குழாய் இறக்குவதற்குள் நேற்றைய சாம்பார் சாதத்தின் மீத்தேனில் பாதி போயே போயிருக்கும். குளிர்நாட்டில் குழாய்க்குக் காத்திருக்க அவகாசம் இருக்கிறது. நம்ம குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. அது காத்திருக்காது.

சென்னையைப் பாருங்க. வடக்கே கொடுங்கையூர், சுமார் 340 ஏக்கர். தெற்கே பெருங்குடி, சுமார் 225 ஏக்கர், அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே. (சதுப்பு நிலம் தானாகவே மீத்தேன் விடும் இடம். வோல்டாவின் ஏரியை மறுபடி ஞாபகப்படுத்திக்கோங்க.) இந்த இரண்டு கிடங்குகளிலும் தரையில் பெட்டி கவிழ்த்து வாயுவை அளந்த ஒரு ஆய்வு 2008-ல் வெளியானது. பெருங்குடியில் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு வந்த மீத்தேன் ஒரு இடத்தில் 0.9 மில்லிகிராம், இன்னொரு இடத்தில் 433 மில்லிகிராம். ஒரே மேடு, நானூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! அளந்ததை வைத்துப் போட்ட மொத்தக் கணக்கு, சூத்திரத்தை வைத்துப் போட்ட கணக்கைவிடக் குறைவாகவே வந்தது. மேலோட்டமாகக் கொட்டின குப்பை, உள்ளே புகுந்த காற்று, அடிக்கடி பிடித்த தீ எல்லாம் அதற்குக் காரணமாக இருக்க இடமுண்டு.

இதற்கு நேர்மாறாக 2022-ல் ஒரு செயற்கைக்கோள் ஆய்வு வந்தது. புயெனோஸ் அய்ரெஸ், டெல்லி, லாகூர், மும்பை ஆகிய நாலு நகரங்களின் மேல் மீத்தேனைப் பார்த்தார்கள். கணக்கேடுகளில் இருந்ததைவிட நகரத்துக்கு நகரம் 1.4 முதல் 2.6 மடங்கு அதிகம். மும்பையின் ஒரே ஒரு கிடங்கிலிருந்து மணிக்குச் சுமார் 10 டன். கீழே பெட்டி வைத்தால் குறைவு, மேலே இருந்து பார்த்தால் அதிகம், எப்படி? ஊர்கள் வேறு, காலமும் வேறு. அதோடு பெட்டி வைத்த இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு பிளவு இருந்தால் பெட்டிக்கு அது தெரியாது. வானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். இன்னொன்று, நம்ம குப்பைமேடுகள் உயர உயர, 0.4 என்று கணக்குப் போட்ட இடம் 0.8 ஆகிவிடும். மேடு வளர்வதும் மீத்தேன் வளர்வதும் ஒரே விஷயம்தான்.

2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மேடுகளில் இப்போது 'பயோமைனிங்' நடக்கிறது. பழைய குப்பையைத் தோண்டி, பெரிய உருளைச் சல்லடையில் போட்டுச் சலித்து, மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக் சிமெண்ட் ஆலைக்கு என்று பிரிக்கிறார்கள். நிலம் திரும்பக் கிடைக்கும், சதுப்பு நிலத்துக்கு மூச்சு வரும். நல்ல வேலை, வேண்டாம்னு சொல்லல. ஆனால் மீத்தேனைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் முடிந்துபோன கதையைத் தோண்டும் வேலை. பத்து வருஷத்துக்கு முன் கொட்டிய சோறு தன் வாயுவை எப்போதோ விட்டுவிட்டது. இன்றைக்கு வரும் வாயுவில் பெரும்பங்கு போன வருஷமும் இந்த வருஷமும் போன ஈரக் குப்பையுடையது.

இதெல்லாம் இன்னைக்குக் கண்டுபிடிச்ச ஞானமும் இல்லை. 1996-ல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அதிலேயே தெளிவாக இருக்கிறது: மக்கும் கழிவை உரமாக்கு அல்லது அதுபோன்ற முறையில் பதப்படுத்து, மக்காததையும் வேறு வழியில்லாததையும் மட்டும் புதை. 2016 விதிகள் வீட்டிலேயே பிரிக்கச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். தென்கொரியா தடை போடுவதற்கு ஐந்து வருஷம் முன்பே நம்மிடம் சட்டம் இருந்தது. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் இருந்தன. இரண்டையும் ஒரே லாரியில் கவிழ்த்த காலமும் இருந்தது. அதைப் பார்த்த வீட்டுக்காரர் மறுநாள் எதற்குப் பிரிப்பார்? தூய்மைப் பணியாளர் கையுறைகூட இல்லாமல் தெருவில் நின்று பிரித்ததைத்தான் நாம் 'தரம் பிரித்தல்' என்று சொல்லிக்கொண்டோம். என் பார்வையில் இந்தியாவின் லேண்ட்ஃபில் மீத்தேன் அந்த லாரியில் தொடங்குகிறது, மேட்டில் இல்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. இந்தூரை மறுபடி கூப்பிடுகிறேன். ஹோவர்ட் எருக்குவியலைப் புரட்டிக்கொண்டிருந்த அதே ஊர். அங்கே மாநகராட்சி வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குவதை முதலில் சரிசெய்தது. வண்டியிலேயே தனித்தனி அறைகள். அதற்குப் பிறகு 2022 பிப்ரவரியில் நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையைக் கையாளும் பயோ-சிஎன்ஜி ஆலை திறக்கப்பட்டது. அங்கேயும் காற்றை அடைத்துத்தான் வைக்கிறார்கள், அதே நுண்ணுயிர்கள், அதே மீத்தேன். வித்தியாசம் என்னவென்றால் மூடியின் இந்தப் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது, அதன் மறுமுனையில் நகரப் பேருந்து நிற்கிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பையைப் போட்டால் அந்தக் கலன் அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த ஊரில் காலையில் வாசலுக்கு வரும் வண்டிக்காரர் பிரிக்காத குப்பையை வாங்க மாட்டேன் என்று சொன்னால், அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு ஆலையே நிற்கிறது.

சென்னையில் நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. இங்கேயும் சில பயோ-சிஎன்ஜி ஆலைகளும் வார்டு அளவிலான உரக்கூடங்களும் வந்திருக்கின்றன. மொத்த ஈரக் குப்பைக்கு முன்னால் அவை சின்னவை. மீதி வண்டிகள் இன்னமும் வடக்கே கொடுங்கையூர்ப் பக்கமும் தெற்கே பெருங்குடிப் பக்கமும்தான் திரும்புகின்றன.